வளவுக்குள் ஒரு சர்க்கஸ்: சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம்

தரையில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் கால் வைத்தால் ஆங்கிலம், வெளியே வந்தால் தமிழ். இந்த வழிகாட்டியில் வரும் விளையாட்டுகள் எல்லாமே இந்த ஒரு சட்டத்தை வைத்துத்தான் நடக்கின்றன. நாலு வயது முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் நாலு வாரம். நடத்துகிறவருக்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. முப்பது நாற்பது சொல்லும் பத்துப் பன்னிரண்டு கட்டளையும் தெரிந்தால் போதும். அதுகூடத் தெரியாத அப்பத்தாவுக்கும் இதில் பெரிய வேடம் ஒன்று காத்திருக்கிறது.

சர்க்கஸ் எதற்கு? ரிங் மாஸ்டர் பேசுவது முழுக்கக் கட்டளை. "ஜம்ப்!", "ஸ்டாப்!", "டர்ன் அரௌண்ட்!" கேட்டவர் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, செய்து காட்டினால் முடிந்தது. பிள்ளை தமிழைப் பிடித்ததும் இப்படித்தான். "இங்க வா", "வாயத் தொற", "செருப்பக் கழட்டு" என்று மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, செய்து செய்து, அப்புறம்தான் பேச்சு வந்தது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதையே இரண்டாம் மொழி கற்பிக்கும் முறையாக வகுத்தார்: முதலில் காதால் கேட்டு உடம்பால் செய்வது, பேச்சைத் தானாக வரவிடுவது. சர்க்கஸில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே வித்தையைப் பத்துத் தடவை செய்தால் அதற்குப் பெயர் ஒத்திகை. ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும்.

வட்டம் போடுவது

சர்க்கஸுக்கு வட்டம் வந்தது குதிரையால். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தை காட்டத் தொடங்கியபோது, வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்றுகொண்டு வருவது எளிதாக இருந்தது. பின்னாளில் அந்த வட்டத்துக்கு 42 அடி விட்டம் என்ற அளவு நிலைத்துவிட்டது. நம் வீட்டுக் குதிரைகள் மூன்றடி நாலடி உயரம்தான், பத்தடி போதும்.

பழைய பருத்திச் சேலை இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் முறுக்கி, நுனியோடு நுனி முடிந்துகொள்ளுங்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். முறுக்கிலும் முடிச்சிலும் கொஞ்சம் குறைந்து, இரண்டும் சேர்ந்து ஒன்பது பத்து மீட்டர் நிற்கும். அதை வட்டமாகப் போட்டால் ஏறக்குறைய மூன்று மீட்டர், அதாவது பத்தடி விட்டம். ஒரே பிள்ளை, சின்ன வீடு என்றால் ஒரு சேலை போதும்; ஐந்தடி வட்டம் கிடைக்கும். பெட்டியில் பழைய கண்டாங்கி இருந்தால் அதுதான் சிறப்பு. கனத்த பருத்தி என்பதால் போட்ட இடத்தில் கிடக்கும், கால் பட்டு நகராது. பட்டும் சிந்தெட்டிக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். தென்னங்கயிறு பிஞ்சுப் பாதத்தைக் கீறும். கோலமாவு வட்டம் பார்க்க அழகுதான், ஆனால் ஆத்தங்குடிக் கல் (பூ வேலை செய்த வழவழப்பான சிமெண்டுக் கல்) பதித்த தரையில் அந்தப் பொடி காலுக்கடியில் உருளும். பிள்ளை குதித்து இறங்கும்போது வழுக்கிவிடும்.

வளவு, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றப் பகுதி, உள்ள செட்டிநாட்டு வீடு என்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆபத்துக்கும் பஞ்சமில்லை. முற்றம் தரையை விடத் தாழ்ந்து, கல் விளிம்போடு இருக்கும். சுற்றிலும் தூண்கள். வட்டத்தின் விளிம்புக்கும் அருகிலுள்ள தூணுக்கும் இடையே மூன்றடியாவது விடுங்கள். முற்றத்துப் படி விளிம்பை ஒட்டி வட்டம் போடவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தண்ணீர் பட்டால் கண்ணாடிபோல் வழுக்கும், ஆகவே வீடு கழுவிய நாளில் தரை காய்ந்த பிறகுதான் ஆட்டம். வெறுங்காலோடு ஆடட்டும், காலுறை கூடாது. கோடையில் உச்சி வெயில் நேராக முற்றத்தில் இறங்கும், அப்போது பத்திக்குள் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்குள்) நடத்துங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் முற்றம் நன்றாக இருக்கும். வாடகைக்கு ஒரு கூடமும் அடுப்படியும்தான் என்றால், கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டால் ஐந்தடி வட்டத்துக்கு இடம் வந்துவிடும்.

வட்டத்தின் சட்டத்தை எப்படிப் பழக்குவது? ரிங் மாஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்து, இரண்டு தடவை கை தட்டி, "வெல்கம் டு த சர்க்கஸ்!" என்று சொல்லி உள்ளே வர வேண்டும். அதோடு தமிழ் வெளியே நின்றுவிடும். பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போக வேண்டும், தாகம், தம்பி கிள்ளிவிட்டான் என்றால் வட்டத்தை விட்டு வெளியே வந்து தமிழில் சொல்லட்டும். முட்டியில் அடிபட்டால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே வந்து தமிழில் சமாதானப்படுத்துங்கள். அழுகிற பிள்ளையிடம் "டோன்ட் க்ரை" என்று பாடம் நடத்தினால் அந்த வட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

சாமான்கள்

வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. ஒரு தொப்பி, ஆறு சின்னப் பைகள், ஒரு வளையம், நாலைந்து மெல்லிய துணி, ஒரு கொட்டான் (ஓலைக் கூடை), ஒரு முக்காலி.

தொப்பியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் அளவோடு சொல்கிறோம். பிள்ளையின் தலைச் சுற்றளவை நெற்றிக்கு மேலாக நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் 50 முதல் 52 செ.மீ. இருக்கும். 52 என்று வைத்துக்கொள்வோம்.

1. கறுப்பு சார்ட்டில் 55 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். நீளத்தில் 3 செ.மீ. ஒட்டுவதற்கு. அகலத்தில் 2 செ.மீ. மடிப்புக்கு.
2. கீழ் விளிம்பில் 2 செ.மீ. ஆழத்துக்கு, 2 செ.மீ. இடைவெளி விட்டு வெட்டுகள் போட்டு, அந்தப் பற்களை வெளிப்பக்கமாக மடியுங்கள். அப்புறம் பட்டையைக் குழலாக ஒட்டுங்கள்.
3. இன்னொரு சார்ட்டில் 26 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம். அதன் நடுவில் 16.5 செ.மீ. விட்டத்துக்கு இன்னொரு வட்டம் வரைந்து, உள் வட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டி எடுத்த துண்டு தொப்பியின் கூரைக்கு ஆகும்.
4. வளையத்தைக் குழலின் மேல்பக்கமாக மாட்டி, பற்கள் வரை இறக்கி, பற்களை வளையத்தின் அடியில் ஒட்டுங்கள்.

பற்கள் வெட்டாமல் குழலை நேராக வளையத்தில் நிறுத்தி ஒட்டினால் முதல் நாளே பிய்ந்துவிடும். தொப்பி இறுக்கமாக இருந்தால் பிள்ளை அதைத் தொடவே மாட்டான், எனவே ஒரு செ.மீ. தளர்வாக இருப்பதே மேல்.

சின்னப் பைகள் 8 செ.மீ. சதுரம். ஜாக்கெட் துணி வெட்டில் மிஞ்சியது போதும். உள்ளே காய்ந்த புளியங்கொட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி. பந்து எறிந்தால் உருண்டு பத்திக்கு ஓடும். அதைத் துரத்துவதில் பாதி நேரம் போய்விடும். பை விழுந்த இடத்தில் கிடக்கும். உளுந்து, அரிசி போட்டால் ஒரு மாதத்தில் வண்டு வரும். தையலை இரட்டையாகப் போடுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பிரிந்த பையிலிருந்து கொட்டை வாய்க்குள் போகும். பலூனையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடலாம்; வெடித்த துண்டு தொண்டையை அடைத்துவிடும்.

வளையத்துக்கு ஹூலா ஹூப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சைக்கிள் டயர். கழுவி, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்விளிம்பைத் தடவிப் பார்த்து, பழைய துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

முதல் வாரம்: வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள்

முதல் வாரத்துக்கு எட்டுக் கட்டளை: வாக், ஸ்டாப், ஜம்ப், டர்ன் அரௌண்ட், சிட் டவுன், ஸ்டேண்ட் அப், க்ளாப், டேக் எ பௌ. முதல் நாள் மூன்றுதான். நீங்களும் கூடவே செய்ய வேண்டும். "வாக்" என்று சொல்லி நடங்கள், "ஸ்டாப்" என்று சொல்லி நில்லுங்கள், "ஜம்ப்" என்று சொல்லிக் குதியுங்கள். ஐந்தாறு சுற்று இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகு நீங்கள் அசையாமல் சொல்லை மட்டும் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. "ஜம்ப்" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் உட்காருங்கள். பிள்ளை குதித்தால் சொல்லைக் கேட்டிருக்கிறான். உங்களோடு சேர்ந்து உட்கார்ந்தால், இத்தனை நேரமும் உங்கள் உடம்பைப் பார்த்துத்தான் செய்திருக்கிறான், சொல் காதில் ஏறவில்லை. அதற்காகத் திட்ட வேண்டாம். நாளைக்கும் அதே மூன்று சொல். பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

மூன்றாம் நாளுக்கு மேல் மிருகங்களை உள்ளே விடுங்கள். "வாக் லைக் அன் எலிஃபண்ட்." ஒரு கையால் மூக்கைப் பிடித்து, அந்தக் கையின் வளைவுக்குள் மறு கையைத் தொங்கவிட்டால் தும்பிக்கை. "ரன் லைக் எ ஹார்ஸ்" என்றால் ஐயனார் கோவில் புரவியைக் காட்டிவிட்டு வந்திருந்தால் போதும், வேறு படம் வேண்டாம். "ஜம்ப் லைக் எ மங்கி", "ஸ்லீப் லைக் எ லயன்". கடைசியில் சொன்னது பெரியவர்களுக்கு இரண்டு நிமிடம் மூச்சு விட. நிஜ சர்க்கஸில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஐந்தையும் வைத்து வித்தை காட்டுவதை மத்திய அரசு 1998இலேயே அறிவிக்கை போட்டு நிறுத்திவிட்டது. ஐயா (தாத்தா) சின்ன வயதில் பார்த்த சிங்கத்தை இந்தப் பிள்ளைகள் கூடாரத்தில் பார்க்கப்போவதில்லை. நம் வட்டத்தில் பிள்ளையே சிங்கம். கூண்டும் சாட்டையும் தேவையில்லை.

இந்த வாரத்தில் நடக்கும் பெரிய தப்பு, "ஜம்ப்னா குதி" என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் தமிழைச் சேர்ப்பது. இரண்டு நாள் இப்படிச் செய்தால், பிள்ளையின் காது ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பின்னால் வரும் தமிழுக்காகக் காத்திருக்கும். புரியவில்லை என்றால் திரும்பச் செய்து காட்டுங்கள். இரண்டாவது தப்பு, "சொல்லு, சொல்லு, நீயும் சொல்லு" என்று வாயைப் பிடுங்குவது. சில பிள்ளைகள் இரண்டாம் நாளே கத்திக்கொண்டு சொல்லும், சில மூன்றாம் வாரம் வரை வாயே திறக்காது. செய்வதெல்லாம் சரியாகச் செய்கிறது என்றால் உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் வாரம்: கொட்டானைக் கவிழ்க்கும் வித்தை

தமிழில் "பெட்டியில் இருக்கு", "மேசையில் இருக்கு" இரண்டும் ஒரே "இல்". ஆங்கிலத்தில் முன்னது இன், பின்னது ஆன். கல்லூரி முடித்தவர்கள்கூட இங்கே தடுமாறுவதற்குக் காரணம், விதி தெரியாதது மட்டும் என்று சொல்ல முடியாது. அந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் வயதில் பார்க்கவில்லை. அதற்குக் கொட்டானும் ஒரு பையும் போதும்.

கொட்டானை நிமிர்த்தி வைத்து, "புட் த பேக் இன் த பாஸ்கெட்." பிள்ளை உள்ளே போடுகிறான். பையை எடுத்துவிட்டு, கொட்டானைக் கவிழ்த்து வைத்து, "புட் த பேக் ஆன் த பாஸ்கெட்." அதே பை, அதே கொட்டான், சொல் மட்டும் மாறுகிறது. இன், ஆன் என்ற ஒலியைக் கொஞ்சம் நிறுத்தி அழுத்திச் சொல்லுங்கள். மாற்றி மாற்றி ஆறேழு தடவை. அதற்குப் பிறகு கொட்டானைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, "இன் த பாஸ்கெட்" என்று மட்டும் சொல்லுங்கள். கொட்டானை நிமிர்த்துவதா கவிழ்ப்பதா என்று அவனே முடிவு செய்ய வேண்டும். முதல் தடவை தானாக நிமிர்த்தி வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! அந்த நொடியில் அந்தச் சொல் அவனுடையதாகிவிட்டது. கொட்டான் நல்ல விலைக்கு வாங்கிய சீர்க்கொட்டானாக இருக்க வேண்டாம், ஓலை நுனி பிரிந்த பழையது ஒன்று போதும்.

அதற்கடுத்தது முக்காலி: "அண்டர் த ஸ்டூல்", "ஆன் த ஸ்டூல்". முக்காலி மேல் பிள்ளையை ஏற்ற வேண்டாம், பையை மட்டும் ஏற்றுங்கள். பிறகு வளையம்: "கோ த்ரூ த ஹூப்." வளையத்தின் அடி தரையைத் தொட்டபடி, இரண்டு விரலால் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் பிள்ளையின் கால் மாட்டும்போது வளையம் நகராது, பிள்ளை முகம் குப்புற விழும். நெருப்பு வளையம் என்று சிவப்பு ஜிகினாத் தாள் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒட்டலாம், ஆனால் தொங்கும் நுனி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்று நடைக்குக் கயிறே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரையில் ஓரத்துப் பூ வரிசைக்கும் நடுப் பூவுக்கும் இடையே நேராக ஒரு கோடு ஓடும், அதுதான் கயிறு. சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடு. கையில் மடக்கிய குடை. "வாக் ஸ்லோலி. லெஃப்ட் ஃபுட். ரைட் ஃபுட். ஸ்டாப். டர்ன் அரௌண்ட். கோ பேக்." தலையில் ஒரு பையை வைத்துக்கொண்டு நடந்தால் "ஸ்லோலி" என்பதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அப்பத்தாதான் கோமாளி

கோமாளியின் வேலை தப்பாகச் செய்வது. ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடையாது. காதைத் தொட்டுக்கொண்டு "மை நோஸ்!" என்று சொல்ல வேண்டும். ரிங் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வேண்டும். "நோ! இயர்!" என்று பிள்ளை கத்துவான். இதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் திறக்கின்றன. பெரியவர்கள் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும் வீட்டில், பெரியவர்களைத் திருத்தக் கிடைக்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளை விடும்?

அப்பத்தாவுக்கு முன்கூட்டி ஐந்து சொல் மட்டும் சொல்லிவையுங்கள்: நோஸ், இயர், ஐ, ஹேண்ட், ஃபுட். அடுத்த நாள் நிறம்: சிவப்புப் பையைத் தூக்கி "ப்ளூ!" என்பது. அதற்கடுத்த நாள் எண்ணிக்கை: மூன்று பையை வைத்துக்கொண்டு "ஒன், டூ, ஃபைவ்!" என்பது. ஐயா தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம், எழுந்திருக்கவேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம். பிள்ளை சொன்ன பிறகு கோமாளி சரியான சொல்லை ஒரு தடவை திரும்பச் சொல்ல வேண்டும்: "ஓ! இயர். மை இயர்." சொல்லாமல் விட்டால் கடைசியாகக் காதில் தங்குவது தப்பான சொல்.

கோமாளி மூக்குக்கு முட்டை அட்டையில் ஒரு குழியை வெட்டி, சிவப்புத் தாள் ஒட்டி, இருபுறமும் எலாஸ்டிக் கோத்தால் ஆயிற்று. கடைக் குங்குமத்தைக் குழைத்து முகத்தில் பூசுவதை விட்டுவிடுங்கள், சில பிள்ளைகளுக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

பன்றியும் பெரியதும்: காகிதத் துண்டு வித்தை

ஆங்கிலத்தில் பன்றிக்கும் பெரியதற்கும் உள்ள சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் "பிக்" என்றுதான் வரும். உதட்டை மூடித் திறக்கும் இரண்டு வேறு ஒலிகளுக்கும் நம்மிடம் "ப" ஒன்றே. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். பிள்ளையின் நோட்டில் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். அது தமிழ் எழுத்தின் ஒலியைத்தான் வாசிக்கும்.

இரண்டு செ.மீ. அகலம், பத்து செ.மீ. நீளத்தில் ஒரு நோட்டுத் தாள் துண்டு வெட்டி, பிள்ளையின் உதட்டுக்கு முன்னால் நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். பன்றியைச் சொல்லும்போது தாள் துள்ள வேண்டும். பெரியதைச் சொல்லும்போது தாள் அசையாமல் இருக்க வேண்டும். "தாளைக் குதிக்க வைக்கும் வித்தை" என்று இதை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், உச்சரிப்புப் பயிற்சி என்று யாருக்கும் தெரியாது. மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் எல்லாச் சொல்லுக்கும் தாள் துள்ளும்.

மின்விசிறி என்றதும் அடுத்தது. அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பலர் சொல்லும்போது தலையில் ஊரும் பேன் ஆகிவிடுகிறது. மேல் பல்லால் கீழ் உதட்டை லேசாகத் தொட்டு ஊத வேண்டும். உள்ளங்கையில் ஒரு கோழி இறகை வைத்து "ஃபோர், ஃபைவ், ஃபெதர், ஃபால்" என்று சொல்லி ஊதவைத்தால் இறகு மெல்ல நழுவிப் போகும். உதடு இரண்டும் மூடித் திறந்தால் இறகு ஒரேயடியாகப் பறந்துவிடும். இந்த வித்தியாசம் பிள்ளையின் கண்ணுக்கே தெரியும்.

சொல்லின் கடைசியில் "உ" சேர்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்: ஹேட்டு, பேக்கு, ஜம்ப்பு. பிள்ளை அப்படிச் சொல்வது பெரும்பாலும் நம் வாயைப் பார்த்துத்தான். ஆகவே முதலில் நம் வாயைத் திருத்திக்கொள்ள வேண்டும். கடைசி எழுத்தை ரகசியம் பேசுகிற மாதிரிக் காற்றாக மட்டும் விட்டால் போதும். பிள்ளை தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். "ஹேட்டு" என்றால், "யெஸ், மை ஹேட்!" என்று சரியானதைச் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

துணி பறக்கும் வித்தை

மூன்று பந்தைப் போட்டுப் பிடிக்கும் வித்தை இந்த வயதுக்கு எட்டாது. துணி எட்டும். மெல்லிய நைலான் துப்பட்டாவை 45 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். பருத்தித் துணி பொத்தென்று விழும், மெல்லியது மிதந்து வரும், பிடிக்க நேரம் இருக்கும். நடுவில் பிடித்து மேலே எறிய வேண்டும். "த்ரோ... கேட்ச்! த்ரோ ரெட்... கேட்ச் ரெட்!" இரண்டு நிறம் வந்தபின் "ரெட் அப், எல்லோ அப்". இதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் சலித்துவிடும்.

மூன்றாம் வாரம்: தொப்பி கை மாறுகிறது, பலகாரக் கடை திறக்கிறது

இப்போது தொப்பி பிள்ளையின் தலைக்குப் போக வேண்டும். அவன் கட்டளையிட, நீங்கள் செய்ய வேண்டும். "ஜம்ப்!" என்றால் அம்மா குதிக்க வேண்டும், முட்டிவலி இருக்கிற ஐயா கை தட்டினால் போதும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கட்டளை அரைகுறையாக இருந்தாலும் செய்துவிடுங்கள். "பேக் ஹெட்" என்றால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஓகே, த பேக் இஸ் ஆன் மை ஹெட்" என்று முழு வாக்கியத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் தப்பாகவும் செய்யுங்கள். "நோ! ஆன்! ஆன்!" என்று வருவது இந்த வாரத்தின் லாபம்.

கட்டளை மட்டும் பழகினால் பிள்ளைக்குக் கேட்கவும் கொடுக்கவும் வராது. அதற்குத்தான் பலகாரக் கடை. வட்டத்தின் விளிம்பில் முக்காலி, அதன் மேல் கொட்டானில் சீயமோ தேன்குழலோ கருப்பட்டிப் பணியாரமோ. கடைக்காரர் முதலில் நீங்கள். "ஹவ் மெனி?" "டூ, ப்ளீஸ்." "ஹியர் யூ ஆர்." "தேங்க் யூ." இந்த நாலு வரிதான். கேட்டால்தான் கிடைக்கும் என்று பசியோடு நிற்கும் பிள்ளையை வதைக்கக் கூடாது, சுட்டிக் காட்டினாலே கொடுத்துவிட்டு, "டூ? டூ, ப்ளீஸ்" என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஒரு தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்ன அளவாக வைத்தால் "மோர், ப்ளீஸ்" தானாக வரும். பணியாரத்துக்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டாம். வட்டத்துக்குள்ளும் பணியாரம் பணியாரம்தான்.

ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் டிக்கெட்டும் எழுதட்டும். எண் 1 முதல் 10 வரை, ஒரு தொப்பிப் படம், ஆங்கிலத்தில் "சர்க்கஸ்" என்ற சொல். பள்ளிப் புத்தகத்தில் அந்தப் பருவத்துக்கு வந்திருக்கும் சொற்களில் நாலைந்தை எடுத்து வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், வகுப்பில் அதே சொல் வரும்போது பழைய சிநேகிதமாக இருக்கும்.

நாலாம் வாரம்: காட்சி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காட்சி என்று வைத்தால், சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு அப்போது இரவு எட்டரை, துபாயில் என்றால் நாலரை. இரண்டுக்கும் தோதான நேரம். போனைக் கையில் பிடித்தால் ஆடும், பிள்ளையும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். தூணில் சாய்த்து, முக்காலி மேல் வைத்து, திரை பிள்ளைக்குத் தெரியாதபடி பின்புறக் கேமராவைத் திருப்பிவிடுங்கள். வணக்கம் சொல்லும்போது மட்டும் அப்பா முகம் தெரியட்டும்.

காட்சி பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வரவேற்பு, மிருக நடை, கயிற்று நடை, கொட்டான் வித்தை, கோமாளி, துணி, கடைசியில் "டேக் எ பௌ". ஒவ்வொன்றும் பிள்ளை நன்றாகப் பழகியதாக இருக்க வேண்டும். காட்சி நாளில் புதுச் சொல் ஒன்றுகூட வேண்டாம். நடுவில் மறந்துவிட்டால் கோமாளி உள்ளே புகுந்து ஒரு தப்புச் செய்ய வேண்டும். பிள்ளை அதைத் திருத்திக்கொண்டே தன் இடத்துக்கு வந்துவிடும்.

படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) பொங்கலுக்கும் பூட்டிய வீடுகள் திறக்கும்போது, சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் மளமளவென்று ஆங்கிலம் பேசும். ஊர்ப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விடும். அந்த நாட்களில் தொப்பியை ஊர்ப் பிள்ளையின் தலையிலேயே வையுங்கள். விருந்துக்கு வந்தவர்கள் யானை, குதிரை. சட்டம் தெரிந்தவனும் வித்தை தெரிந்தவனும் ஊர்ப் பிள்ளைதான், எனவே கட்டளை அவன் வாயிலிருந்து வரும். வந்திருக்கும் அத்தையோ சித்தப்பாவோ "எங்கே, இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்று ஆரம்பித்தால் நாசூக்காகத் தடுத்து, கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிடுங்கள்.

காட்சி முடிந்ததும் வட்டத்தைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். எப்போதும் தரையிலேயே கிடந்தால் நாலு நாளில் அது மிதியடி ஆகிவிடும், சட்டமும் போய்விடும். அடுத்த மாதம் அதே வட்டத்தைச் சந்தைக் கடையாகவோ ரயில் நிலையமாகவோ மாற்றிக்கொள்ளலாம். கட்டளைகள் அப்படியே இருக்க, சாமான்களின் பெயர்கள் மட்டும் மாறும். புளியங்கொட்டைப் பைகளை மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு, தையலை இழுத்துப் பார்த்து, கொட்டானிலேயே போட்டு மேலே வைத்துவிடுங்கள்.